சாம்பிள் வாரம்

பனியன் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தால் உடனே துணியை வெட்டிவிட மாட்டார்கள். சாம்பிள் ரூமில் ஒன்றிரண்டு பீஸ் தைத்து பையருக்கு அனுப்புவார்கள். பிபி சாம்பிள் என்போம். அதற்கு ஓகே வந்த பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரியும். அந்த சாம்பிளைத் தைப்பவர் கம்பெனியிலேயே கைதேர்ந்த டெய்லராக இருப்பார். அவருக்கு டார்கெட் கிடையாது. பக்கத்தில் நின்று நேரம் பார்க்க லைன் சூப்பர்வைசர் கிடையாது. நூல் பிசிறைக்கூட அவரே உட்கார்ந்து வெட்டுவார். அழகாக வராமல் என்ன செய்யும்? அதே தையல் லைனில் ஆயிரக்கணக்கில் ஓடும்போதும் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. க்யூசி. இருபது வருடத்துக்கு மேல் அதிலேயே ஊறிப்போனதால், கோவையில் நரம்பு டாக்டர், "நிரந்தரமா வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ட்ரையல் பாத்துக்கலாம்மா" என்று சொன்னதும் எனக்கு சாம்பிள் ரூம்தான் ஞாபகம் வந்தது.

தீராத மைக்ரேனுக்குப் பிடரித் தோலுக்கு அடியில் வயர் வைத்து, அங்கே ஓடுகிற நரம்புக்கு லேசாக மின்சாரம் கொடுக்கிற வைத்தியம் அது. அது வரைக்கும் போக வேண்டியிருந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மடத்துக்குளத்தில், அமராவதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் சாமிநாதபுரம், திண்டுக்கல் மாவட்டம். கம்பெனி வேன் விடியும்போதே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். உடுமலை, பல்லடம் வழியாகத் திருப்பூர். எட்டரைக்கு ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை. வேனில் தூங்கி, வேனில் விழித்து வாழ்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. இப்படி இருந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. என்னோடு அதே வேனில் வருகிற மற்றவர்களுக்கு வரவில்லையே. என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது. மைக்ரேன் குடும்பத்தில் இறங்குகிற நோய். வேலை அதைத் தூண்டிவிடும், அவ்வளவுதான்.

தூண்டிவிடுவதற்கு எங்கள் தொழிலில் குறைச்சல் இல்லை. செக்கிங் டேபிளுக்கு மேலே வரிசையாக டியூப் லைட். பழைய சோக் போட்ட லைட்டில் ஒரு துடிப்பு இருக்கும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிரிண்டிங் செக்ஷனிலிருந்து வருகிற வாடை. கறை நீக்குகிற ஸ்பிரே. வீட்டுக்கு வந்தால் ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் எங்கள் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் சுற்றும். என் இடது கண்ணுக்குப் பின்னாலும் ஏதோ சுற்றத் தொடங்கும். வாந்தி வரும். வெளிச்சமும் பேச்சும் ஆகாது. பலமுறை துணி குடோனில் ரோல்களுக்கு நடுவே முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்துக் கிடந்திருக்கிறேன். அங்கே இருட்டு, சத்தத்தையும் துணி குடித்துவிடும். ஒரு கம்பெனியில் மைக்ரேனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

"தலைல நீர் கோத்திருக்குது கண்ணு" என்று என் மாமியார் சுக்குப் பத்துப் போடுவார். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார். அந்த அன்பில் எனக்குக் குறை இல்லை, ஆனால் நொச்சி வாசனையே சில நாள் வாந்தியைக் கிளப்பிவிடும். அப்புறம் மருந்துக்கடை மாத்திரை. எர்கோடமைனும் காஃபினும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. போட்டால் ஒரு மணி நேரத்தில் டேபிளுக்குத் திரும்பிவிடலாம். எங்கள் செக்ஷனில் கைப்பையில் அந்த அட்டை இல்லாத பெண்ணைத் தேட வேண்டும்.

கோவை டாக்டர் முதலில் கைவைத்தது அந்த அட்டையில்தான். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் எட்டு நாளாவது மைக்ரேன் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட மைக்ரேன் என்று வகைப்படுத்துகிறார்கள். எர்கோடமைன் சேர்ந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்றார். நிறுத்தினேன். நிறுத்திய முதல் வாரங்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. அதன் பிறகு வலி நாட்கள் குறைந்தன. ஆனாலும் பாதி மாதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வராமல் தடுக்கிற மாத்திரைகள் ஒவ்வொன்றாக வந்தன. அமிட்ரிப்டிலினில் வேனில் தூங்கியவள் கம்பெனியிலும் தூங்கினேன். டோபிராமேட்டில் விரல் நுனி மரத்தது, சோடா குடித்தால் தகரம் மாதிரி ருசித்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ரிப்போர்ட் எழுதும்போது தெரிந்த சொல் வாய்க்கு வராமல் நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'ஸ்கிப் ஸ்டிச்' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவோடு விழித்துக்கொண்டிருந்தால் எந்தக் கம்பெனியில் வைத்திருப்பார்கள்? பிறகு போடாக்ஸ் ஊசி. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் 155 யூனிட், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அமெரிக்காவில் 2010ல் நாள்பட்ட மைக்ரேனுக்கு அனுமதி பெற்ற முறை. எனக்கு அது கேட்டது, பாதி. விலை முழுசு.

இவ்வளவுக்கும் பிறகுதான் வயர் பேச்சு வந்தது.

நெற்றி வலிக்கு ஏன் பிடரியில் மின்சாரம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் உணர்ச்சி கொண்டுவருகிற நரம்பும், பிடரியிலிருந்து மேலேறுகிற ஆக்ஸிபிடல் நரம்பும், கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடத்துக்குள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் ஒன்றைத் தொட்டால் மற்றொன்றின் வலி மாறலாம் என்பது கணக்கு. இதில் புதுமை எதுவும் இல்லை போலிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர் தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். இன்றைய முறை 1999ல் அமெரிக்காவில் வெய்னர், ரீட் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அவர்கள் பிடரி நரம்பு வலிக்காக ஊசி வழியே வயரை நுழைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் மைக்ரேனுக்கும் பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவில் இது மைக்ரேனுக்கு அனுமதி பெற்ற வைத்தியம் அல்ல. ஐரோப்பாவில் 2011ல் ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது, சில ஆண்டுகளிலேயே போய்விட்டது. 2012ல் வெளியான பெரிய ஆய்வில் 157 பேருக்குக் கருவி வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். வலி பாதியாகக் குறைய வேண்டும் என்ற இலக்கில் அந்த ஆய்வு தோற்றது. மாதத்தில் தலைவலி நாட்கள் மின்சாரம் பெற்றவர்களுக்கு ஆறு போலக் குறைந்தன, பெறாதவர்களுக்கு மூன்று. அந்த மூன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உடம்பில் கருவி இருக்கிறது என்ற நம்பிக்கைக்கே மூன்று நாள் குறைகிறது என்றால், ட்ரையல் வாரத்தில் என் நம்பிக்கை எவ்வளவு போட்டிபோடும்! மின்சாரம் ஓடினால் ஊறல் தெரியும். ஓடுகிறதா இல்லையா என்று நோயாளியிடம் மறைக்கவே முடியாது.

வழக்கமான ட்ரையல் இப்படி: ஊசி வழியே வயரை வைத்து, வெளியே ஒரு பெட்டியில் இணைத்து, ஒரு வாரம் போல வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பாதிக்கு மேல் வலி குறைந்தால் பாஸ். பிறகு காறை எலும்புக்குக் கீழோ இடுப்புக்குப் பின்னாலோ தோலுக்கடியில் பேட்டரி வைத்து நிரந்தரமாக்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் வீட்டில், ஓய்வில், மாமியார் சமைத்துப் போட, ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தால் வயர் இல்லாமலேயே எனக்குப் பாதித் தலைவலி குறையும். அது சாம்பிள் டெய்லர் தைத்த பீஸ். மைக்ரேன் வேறு ஏறி இறங்குகிற நோய். தானாகவே நல்ல வாரம் ஒன்று வரும். அந்த வாரத்தில் ட்ரையல் விழுந்துவிட்டால் கருவி பாஸ்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க குறை அளவு, 2.5 என்றால் மேஜர் குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். எந்த அட்டைப்பெட்டியைத் திறப்பது என்று கம்பெனிக்காரர் சொல்லக் கூடாது. பையரின் ஆள்தான் நம்பர் சொல்வார். இதை டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். நான் விடவில்லை. "எனக்கு மாதவிடாய் வர்ற வாரத்துல வைங்க டாக்டர். ரெண்டு நாள் கழிச்சு நான் கம்பெனிக்குப் போகோணும்" என்றேன்.

"எல்லாரும் அந்த வாரத்தை வேண்டாம்னு சொல்லுவாங்க."

"எனக்கு அந்த வாரந்தானுங்க வாந்தி. அதுல என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கழுத்தை வெடுக்கென்று திருப்பக் கூடாது, டிரஸ்ஸிங் நனையக் கூடாது, மின்சாரம் ஓடும்போது வண்டி ஓட்டக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டார். இதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

பணம்? "தோப்புக் குத்தகைப் பணம் இருக்குது அம்மிணி, யோசிக்காதே" என்றார் வீட்டுக்காரர். நிரந்தரக் கருவிக்கு அது போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது பல லட்சம்.

வைக்கிற அன்று பிடரி முடியை மழித்தார்கள். எங்களுக்குப் பழனி பக்கம். மொட்டை என்றால் மலைக்குத்தான். "முருகனுக்குக் குடுக்க வேண்டிய முடிய டாக்டருக்குக் குடுத்துப்போட்டு வந்துட்டயே கண்ணு" என்றார் மாமியார். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே வளைந்த ஊசி ஒன்றைத் தோலுக்கடியில் குறுக்காக நுழைத்தார்கள். அதன் வழியே வயர், இரண்டு பக்கமும். வயரின் நுனியில் வரிசையாகச் சின்ன உலோகப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றில் எது நரம்புக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். அதற்கு நான் விழித்திருக்க வேண்டும். "இப்ப எங்க தெரியுது?" "காதுக்குப் பின்னாடிங்க." "இப்ப?" "கழுத்து இழுக்குதுங்க." கழுத்துச் சதை துடித்தால் வயர் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தமாம், மாற்றினார்கள். ஒரு இடத்தில் எறும்பு வரிசை போகிற மாதிரி பிடரியிலிருந்து உச்சி வரைக்கும் ஊறியது. "அதே இடம்" என்றேன்.

முதல் இரண்டு நாள் வீட்டில். எதிர்பார்த்தபடியே ராஜபோகம். இடுப்பில் பெட்டி, கையில் ரிமோட். வலி வரும்போது கூட்டினால் ஊறல் மேலேறும், வலி கீழே அமுங்கும். போய்விடாது, பக்கத்து அறைக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். நோட்டில் வலியை பத்துக்கு எவ்வளவு என்று குறிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்தப் பத்து பழக்கமில்லை. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் மாதிரியே மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். வேலை ஓடினால் மைனர், உட்கார வைத்தால் மேஜர், வாந்தி எடுத்தால் கிரிட்டிக்கல். டாக்டருக்காகப் பத்தையும் பக்கத்தில் எழுதினேன்.

பிறகு கம்பெனி. வேனிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கி என் தலை பின்னால் சாயும்போதெல்லாம் ஊறல் சுள்ளென்று ஏறும்; முன்னால் குனிந்தால் இறங்கிவிடும். செக்கிங் டேபிளில் நாள் முழுக்கக் குனிந்துதான் நிற்க வேண்டும். குனிந்தால் ஒரு அளவு, நிமிர்ந்தால் ஒரு அளவு என்று ரிமோட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். "ஏனுங்க்கா, கழுத்துல என்னங்க்கா வயரு?" என்று கேட்ட டிரிம்மிங் பெண்ணுக்கு விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் செக்ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மதியத்துக்குள் ஆளாளுக்கு வந்து தங்கள் தலைவலியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு லைனில் இவ்வளவு மைக்ரேன் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

மாதவிடாயோடு பெரிய வலி வந்தது. அன்றைக்கு ஷிப்மென்ட்டும் சேர்ந்துகொண்டது. குடோனுக்குப் போய்ப் படுத்தேன். ஆனால் வாந்தி வரவில்லை, வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தேன். கிரிட்டிக்கல் ஆக வேண்டியது மேஜரில் நின்றது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மைக்ரேன்காரர்களுக்கு வாந்தி இல்லாத வலி எவ்வளவு பெரிய சலுகை என்று தெரியும்.

வயரை உருவுவதற்கு நொடிகள்தான் ஆயின. நோட்டைக் கூட்டிப் பார்த்தார் டாக்டர். வீட்டில் இருந்த நாட்களை மட்டும் எடுத்தால் பாதிக்கு மேல் குறைவு, தாராளமாகப் பாஸ். கம்பெனி நாட்களைச் சேர்த்தால் பாதிக்கு வரவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நின்றது. முப்பது சதவீதக் குறைவே நாள்பட்ட மைக்ரேனில் மதிக்கத்தக்கது என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு, 2012 ஆய்விலும் அந்த அளவில் வித்தியாசம் தெரிந்தது என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த வைத்தியம் முழுப் பலனைக் காட்ட வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம், ஒரு வாரத்தை வைத்து நிச்சயமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆக, என் மோசமான வாரம்கூட முழு லாட்டுக்குப் பதில் சொல்லிவிடாது. முடிவை என்னிடமே விட்டார்.

வேண்டாம் என்றேன். பணம் ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. இந்தக் கருவிகளில் அடிக்கடி வருகிற தொல்லை வயர் நகர்வது. கழுத்து ஓயாமல் அசைகிற இடம், அங்கே வைத்த வயர் இடம் மாறினால் மறுபடியும் திறக்க வேண்டும். குனிந்து நிமிர்வதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு அது எப்போது நகரும் என்று எண்ணிக்கொண்டிருப்பதே ஒரு தலைவலி. பேட்டரி தீர்ந்தால் மறு ஆபரேஷன். ரீசார்ஜ் செய்கிற வகை விலை கூட. எம்ஆர்ஐ எடுக்கவும் கட்டுப்பாடு உண்டு. வேறு வேலையில், வேறு உடம்பில் இருந்தால் நான் சரி என்று சொல்லியிருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முடிவைக் குறை சொல்ல நான் யார்?

இப்போதும் வேலைக்குப் போகிறேன். முடிந்தபோது போடாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். என் டேபிளுக்கு மேலிருந்த சோக் லைட்டை மெயின்டனன்ஸ் பையன் மாற்றிக் கொடுத்துவிட்டான். பாதி வைத்தியம் அதுதான் என்று சில நாள் தோன்றும். தோலைக் கிழிக்காமல் கையில் கட்டிக்கொள்கிற நரம்புத் தூண்டல் கருவியை 2023ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வலி தொடங்கியதும் 45 நிமிடம் கட்டிக்கொள்ள வேண்டும். லைனில் 45 நிமிடம் யார் தருவார்கள் என்பதுதான் நான் இன்னும் அதற்குப் போகாததற்குக் காரணம்.

ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகள் உடுப்பை பேக்கிங்குக்கு முன்னால் நீடில் டிடெக்டரில் ஓட்டுவோம். உடைந்த ஊசித் துண்டு இருந்தால் மெஷின் நின்றுவிடும். அது காந்தப்புலத்தை வைத்து வேலை செய்கிறது. உடம்பில் நரம்புத் தூண்டல் கருவி இருப்பவர்கள் கடை வாசல் திருட்டுத் தடுப்புக் கதவிலும் விமான நிலையச் சோதனை வாசலிலும் கவனமாக இருக்க வேண்டும் என்று கருவிப் புத்தகத்திலேயே இருக்கிறது. தினமும் நீடில் டிடெக்டர் பக்கத்தில் நிற்கிறவள் என்ன செய்வது என்று கருவியைக் கொண்டுவந்த பிரதிநிதியிடம் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. ட்ரையலுக்குப் போகிறவர்கள் ஸ்கேனும் ரிப்போர்ட்டும் எடுத்துப் போவது போல, உங்கள் வேலையிடத்தில் என்னென்ன மெஷின் இருக்கிறது, நாள் முழுக்கக் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ட்ரையல் நாட்களில் ஒன்றையாவது அந்த மெஷின்களுக்கு நடுவே கழிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.